ஜப்பான் கடைக்குப் போகுமுன் எல்லோரும் என்னிடம் கேட்பவை

கொள்ளுப்பிட்டியில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் சின்ன ஜப்பானிய உணவகம் ஒன்று இருக்கிறது. சில வருடங்களாக மாதத்தில் இரண்டு தடவையாவது அங்கே போய்விடுகிறேன். அதனால் வெள்ளவத்தையில் எங்கள் அடுக்குமாடியிலும், அலுவலகத்திலும், உறவுக்குள்ளும் ஜப்பான் சாப்பாடு என்றால் என்னைக் கேட்பது என்று ஆகிவிட்டது. ஒரே சந்தேகங்களுக்குத் தொலைபேசியில் திரும்பத் திரும்பப் பதில் சொல்லிக் களைத்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

நான் சமையற்காரன் இல்லை. சாப்பிடப் போகிறவன், சமைக்கிறவரைக் கேள்வி கேட்டுக் கரைச்சல் கொடுக்கிறவன், அவ்வளவுதான். கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். கவுண்டரில் மொத்தமே எட்டு இருக்கை. இப்போதே வெள்ளிக்கிழமை இரவில் இடம் கிடைப்பதில்லை. கீழே உள்ளதில் பெரும்பகுதி கொழும்பில் எந்த ஜப்பானியக் கடைக்குப் போனாலும் பொருந்தும்.

அங்க எல்லாம் பச்சை மீன்தானே?

இல்லை. மெனுவில் பச்சை மீன் ஒரு பக்கம் இருக்கும். மற்றப் பக்கங்களில் நெருப்பில் வாட்டியது, எண்ணெயில் பொரித்தது, சூப்பில் போட்ட நூடில்ஸ், சோற்றுக்கு மேல் இறைச்சி வைத்த கிண்ணம் என்று நிறைய உண்டு. எங்கள் வீட்டிலிருந்து நாலு பேர் போனால் இரண்டு பேர் பச்சை மீனைத் தொடுவதே இல்லை. அவர்களும் வயிறு நிறையத்தான் திரும்பி வருகிறார்கள்.

சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது. சுஷி என்றால் மீன் என்று எல்லோரும் நினைக்கிறோம். அது வினாகிரி, சீனி, உப்புக் கலந்த சோற்றால் செய்யும் சாப்பாட்டின் பெயர். வெள்ளரிக்காயை வைத்துச் சுருட்டினாலும் சுஷிதான். சோறு இல்லாமல் மீனை மட்டும் துண்டு போட்டு வைத்தால் அதற்குப் பெயர் சஷிமி. சோற்றை விரலளவு பிடித்து மேலே மீன் வைத்தது நிகிரி. கடற்பாசித் தாளில் சுருட்டி வெட்டியது மாக்கி.

பச்சை மீன் சாப்பிட்டா வயிறு பழுதாகாதோ?

இதைக் கேட்காத ஆள் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியும்கூட. பச்சை மீனில் பயப்பட வேண்டியவை முக்கியமாக மூன்று: புழு, கிருமி, ஹிஸ்டமின். புழுவை உறைகுளிர் கொன்றுவிடும். பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் 7 நாள், அல்லது கீழே 35 பாகையில் உறையவைத்து 15 மணித்தியாலம் வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு அதிகாரசபையின் அளவு. பெரிய சூரை இனங்களில் புழு ஆபத்துக் குறைவு என்பதால் அவற்றுக்கு இந்த விதியில் விலக்கு உண்டு. கிருமியைப் பொறுத்தவரை வெட்டுகிறவரின் கை, பலகை, கத்தியின் சுத்தம்தான் முதல் விஷயம். கவுண்டரில் இருந்தால் அதையெல்லாம் கண்ணாலேயே பார்க்கலாம். நான் அங்கே இடம் பிடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது ஆள்தான் எங்களுக்குப் பழக்கமானவன். சூரையோ பலயாவோ வாங்கி வந்து பொரித்துச் சாப்பிட்ட பின் முகம் சிவந்து, உடம்பெல்லாம் கடித்து, தலையிடி வந்த கதை பல வீடுகளில் இருக்கும். மீன் பிடிபட்ட பிறகு ஐஸ் இல்லாமல் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேர்கிறது. சேர்ந்த பிறகு பொரித்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. ஆகவே “நல்லா அவிச்சாச்சு, பயமில்லை” என்ற எங்கள் பழைய கணக்கு இந்த இடத்தில் பிழைக்கிறது. வள்ளத்திலிருந்து கடை வரைக்கும் மீன் குளிரில் இருந்ததா என்பதுதான் கேள்வி. நான் நேரே கேட்பேன்: “இன்றைக்கு எந்த மீன் வந்தது?” தயங்காமல் பதில் வந்தால் எடுப்பேன். பதில் மழுப்பலாக வந்தால் அன்றைக்கு எனக்கு உடோன் நூடில்ஸ்.

சந்தையில் மீன் வாங்கி வந்து வீட்டில் சஷிமி வெட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வீட்டு உறைபெட்டி அந்தக் குளிருக்குப் போகாது.

சால்மன் எங்கட கடலில இல்லையே?

இல்லை. விமானத்தில் வருகிறது, அதுதான் அந்த விலை. வேடிக்கை என்னவென்றால், ஜப்பானியரே முன்பு சால்மனைப் பச்சையாகச் சாப்பிடுவதில்லை. அவர்கள் கடலில் பிடிபடும் சால்மனில் புழு இருக்கும். நோர்வேக்காரர்கள் 1980களில் தங்கள் வளர்ப்புச் சால்மனை அங்கே கொண்டுபோய்ப் பழக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால் கொழும்பில் இருந்துகொண்டு எங்கள் சூரையை விட்டுவிட்டு சால்மனுக்குக் காசு கொட்டுவது வீண். இலங்கையின் மஞ்சள்துடுப்புச் சூரை ஜப்பானுக்கே ஏற்றுமதியாகிற மீன். சிங்களத்தில் கெலவல்லா என்பார்களே, அதுதான்.

முதல் தரம் போறன் அண்ணே. என்ன ஓடர் பண்ணுறது?

பகலில் போங்கள். பகல் நேரத்தில் சோறு, மிசோ (நொதிக்கவைத்த சோயாப் பசை) கரைத்த சூப், ஊறுகாய், ஒரு முக்கியக் கறி என்று தட்டமாகத் தருவார்கள். இரவை விட மலிவு, எதை எதோடு சாப்பிடுவது என்ற குழப்பமும் இல்லை. கோழி தெரியாக்கி (இனிப்புச் சோயா சோஸ் பூசி வாட்டியது) அல்லது வாட்டிய மீன் தட்டத்தோடு, மேசைக்கு நடுவில் ஒரு சூரை மாக்கி வைத்து ஆளுக்கொன்று ருசி பார்த்தால் முதல் நாளுக்குப் போதும்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் சேர்ந்து சத்தம் போடுவார்கள். பயப்படாதீர்கள், “வாருங்கள்” என்று வரவேற்கிறார்கள். திருப்பி ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

சோறு குழைஞ்சு போயிருக்கே, திருப்பி அனுப்பலாமோ?

என் மாமா உண்மையாகவே திருப்பி அனுப்பப் பார்த்தார். அது குழையவில்லை. அந்த அரிசியே குட்டை, ஒட்டுகிற சாதி. சம்பாவைப் போல் பொலபொலவென்று உதிர்ந்தால் குச்சியில் எடுக்கவும் முடியாது, நிகிரி பிடிக்கவும் முடியாது. சுஷிச் சோறு உடம்புச் சூட்டில் இருந்தால் நல்ல கடை. குளிர்ந்து விறைத்திருந்தால் காலையிலேயே பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்தது என்று அர்த்தம்.

குச்சி பிடிக்கத் தெரியாது. கையால சாப்பிட்டா சிரிப்பினமோ?

சிரிக்கமாட்டார்கள். நிகிரியைக் கையால் எடுப்பது ஜப்பானிலேயே ஏற்ற முறை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடோவில், அதாவது இன்றைய தோக்கியோவில், தெருக்கடைகளில் நின்றபடி சாப்பிட்ட சாப்பாடு அது. இருந்ததும் ஒரு ஈரத்துவாய் தருவது கை துடைக்கத்தான். சித்தப்பா முகம், கழுத்து, பிடரி எல்லாம் துடைத்தார். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சஷிமிக்கும் நூடில்ஸுக்கும் குச்சி சுகம். வராவிட்டால் முள்ளுக்கரண்டி கேளுங்கள்.

இரண்டு காரியம் மட்டும் செய்ய வேண்டாம். சோற்றில் குச்சியை நட்டு நிறுத்தக்கூடாது. இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படிக் குத்தி வைப்பார்கள். உங்கள் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு நேரே எதையும் கொடுக்கவும் கூடாது. தகனத்துக்குப் பிறகு எலும்பை அப்படித்தான் இரண்டு பேராகச் சேர்ந்து எடுக்கிறார்கள். காடாத்துக்குப் போய் வந்த எங்களுக்கு இதைக் கூடுதலாக விளக்கத் தேவையில்லை. பகிர வேண்டுமென்றால் மற்றவர் தட்டில் வைத்துவிடுங்கள்.

ஓரத்தில பச்சையா ஒரு உருண்டை வச்சிருக்கு. சட்னியோ?

நானும் முதல் நாள் மல்லிச் சட்னி என்று நினைத்து முழுதாக வாயில் போட்டேன். கண்ணீர் வந்தது, மூக்கு எரிந்தது, பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் தந்தார். அது வசாபி. கடுகை அரைத்தால் மூக்கில் ஏறுமே, அதே பொருள்தான் இதிலும் ஏறுகிறது; மிளகாய் போல் நாக்கில் தங்காது, அரை நிமிடத்தில் போய்விடும். உண்மையான வசாபி ஓடும் குளிர்நீரில் வளரும் ஒரு செடியின் தண்டு, விலை கூடியது. பெரும்பாலான கடைகளில், ஜப்பானிலும்தான், கிடைப்பது குதிரைமுள்ளங்கியும் கடுகும் பச்சை நிறமும் கலந்தது. அதில் ஏமாற்று என்று எனக்குப் படவில்லை. நெல் அளவு எடுத்து மீனில் தடவுங்கள்.

பக்கத்தில் உள்ள இஞ்சி ஊறுகாய் ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் இடையில் வாயைத் துப்புரவாக்க. சோயா சோஸைச் சின்னத் தட்டில் கொஞ்சமாக விட்டு, நிகிரியைக் கவிழ்த்து மீன் பக்கத்தைத் தொடுங்கள். சோற்றுப் பக்கத்தைத் தொட்டால் சோறு உறிஞ்சி உதிர்ந்துவிடும், உப்பும் ஏறும்.

நான் சுத்த சைவம். என்னைக் கூட்டிக்கொண்டு போய் என்ன பிரயோசனம், தம்பி?

கேட்டது என் பெரியம்மா. இந்தப் பதிலை முழுதாக வாசியுங்கள், ஏனென்றால் இதில் நான் ஒருமுறை பிழை விட்டிருக்கிறேன். பெரியம்மாவை ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன் (என் வழக்கமான கடை இல்லை). “சூப்பில் மீன் இருக்கிறதா?” என்று கேட்டேன். “இல்லை” என்றார் பரிமாறியவர். கிண்ணத்தில் டோஃபுவும் கடற்பாசியும் மட்டும்தான் மிதந்தன. பெரியம்மா ரசித்துக் குடித்தார். பிறகுதான் தெரிந்தது, அந்தச் சூப்பின் தண்ணீரே மீனில் வந்தது. அவர் பொய் சொல்லவில்லை. மீன் துண்டு இல்லைதானே. நான் கேட்ட கேள்விதான் பிழை.

ஜப்பானியச் சமையலுக்கு அடியில் தாஷி என்ற ஒரு சாறு இருக்கிறது. பெரும்பாலும் கட்சுவோபுஷியும் கொம்புவும் சேர்த்து எடுப்பார்கள். கட்சுவோபுஷியை எங்கள் ஆட்களுக்கு விளக்குவது சுகம்: அது மாசியின் ஒன்றுவிட்ட அண்ணன். பலயா மீனை அவித்து, புகையில் காட்டி, காயவைத்தால் இங்கே உம்பலகட என்கிற மாசி. ஜப்பானியர் அதே மீனைப் பல தடவை புகையூட்டி, சில வகைக்குப் பூஞ்சணமும் பிடிக்கவிட்டு, மாதக்கணக்கில் மரக்கட்டை போல் காயவிட்டுச் சீவுகிறார்கள். பொல் சம்பலில் மாசி போட்டால் அது சைவமில்லை என்று எங்களுக்குத் தெரியும். மிசோ சூப்பிலும் அதே கதைதான், கண்ணுக்குத் தெரியாது என்பதைத் தவிர. டோஃபு மேல் ஊற்றும் குழம்பு, நூடில்ஸ் சூப், முட்டைப் புட்டிங், இனிப்பாக அவித்த டோஃபுப் பைக்குள் சோறு அடைத்த இனாரி என்று பலவற்றில் தாஷி ஒளிந்திருக்கும்.

ஆகவே “மீன் இருக்கா?” என்று கேட்காதீர்கள். “தாஷி எதில் எடுத்தது?” என்று கேளுங்கள். கொம்பு என்ற கடற்பாசியிலோ காய்ந்த ஷிட்டாக்கே காளானிலோ மட்டும் எடுத்த தாஷியும் உண்டு. கொம்பு என்றதும் மாட்டுக் கொம்பை நினைத்து ஒருவர் பதறினார், அதற்காகச் சொல்கிறேன்: அது கடலில் வளரும் தழை. ஜப்பானிலும் எங்கள் வீட்டுப் பெரியவர்களைப் போல ஆட்கள் இருக்கிறார்கள். பௌத்த மடங்களின் ஷோஜின் சமையலில் மீனும் இறைச்சியும் இல்லை, வெங்காயமும் உள்ளியும்கூட இல்லை. முதல் நாளே தொலைபேசியில் சொன்னால் என் கடையில் கொம்புத் தாஷியில் தனியாகச் சூப் வைத்துத் தருகிறார்கள். சொல்லாமல் போனால் உறுதியாக எடுக்கக்கூடியவை: உப்புப் போட்டு அவித்த எடமாமே என்ற பச்சைச் சோயா, வெள்ளரி மாக்கி, அவகாடோ மாக்கி, வெறும் சோறு.

அப்ப மரக்கறித் தெம்புரா சைவம்தானே?

முக்கால்வாசி. மாவில் முட்டை இருக்கலாம். தொட்டுக்கொள்ளத் தரும் பழுப்புச் சாற்றில் மேலே சொன்ன தாஷி இருக்கும். அதற்குப் பதில் உப்புக் கேளுங்கள், ருசியும் கூடும். இறால் பொரித்த அதே எண்ணெயா என்பதையும் கேட்டுவிடுங்கள். அது உங்கள் மனச்சாட்சியைப் பொறுத்தது. என் அம்மா “நெருப்பில் எல்லாம் சுத்தம்” என்பார், பெரியம்மா தொடமாட்டார்.

தெம்புராவை எங்கள் பஜ்ஜியின் சொந்தம் என்று நினைத்தால் பெரிய பிழையில்லை, ஆனால் ஜப்பானுக்கு அதைக் கொண்டுபோனவர்கள் போர்த்துக்கீசர். 1505இல் இங்கே வந்த அதே ஆட்கள் அந்த நூற்றாண்டின் நடுவில் அங்கேயும் போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் பாண் என்று சொல்வதை ஜப்பானியரும் “பான்” என்கிறார்கள். இரண்டு பேரும் போர்த்துக்கீசரிடம் எடுத்த சொல். கட்லட்டின் மேல் மொறுமொறு என்று இருக்கும் பான்கோ வேறொன்றுமில்லை, பாண் தூள்தான்.

மச்சான், அங்க நாங்க சாப்பிடலாமா? ஹலாலா?

அலுவலக நண்பர் கேட்டது. கடைக்குக் கடை வேறு. ஹலால் என்று பெயர்ப்பலகையிலோ மெனுவிலோ தெளிவாக இல்லாவிட்டால் இல்லை என்றே வைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். பன்றியைக் கண்டுபிடிப்பது லேசு. தொன்கட்சு என்ற கட்லட், தொன்கொட்சு ராமென் என்ற நூடில்ஸ் சூப் இரண்டிலும் முதலில் வரும் “தொன்” பன்றி. சோற்றுக்கு மேல் கட்லட் வைத்த கட்சுதொன்னில் கடைசியில் வரும் “தொன்” கிண்ணம். ஜப்பானிய மொழியில் அது வேறு சத்தம், தமிழில் எழுதினால் ஒன்றாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் கிண்ணத்துக்குள்ளும் பெரும்பாலும் பன்றிதான். கியோசா என்ற கொழுக்கட்டையிலும் அப்படியே.

கண்ணுக்குத் தெரியாதது மிரின். இனிப்பான அரிசி மது, கிட்டத்தட்ட 14 சதவீதம் மதுசாரம். தெரியாக்கி பளபளப்பது அதனால்தான். சமையலுக்குச் சாக்கே என்ற அரிசி மதுவும் ஊற்றுவார்கள். தாஷிக்குச் சொன்ன அதே வழி: “மது சேர்க்கிறீர்களா?” என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்பார்கள். “மிரின் போடுகிறீர்களா?” என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இயற்கையாக நொதித்த சோயா சோஸில் கொஞ்சம் மதுசாரம் தானாக உருவாகும். அது ஆகுமா ஆகாதா என்பது மௌலவியிடம் கேட்கும் கேள்வி, என்னிடம் இல்லை. நண்பர் கடைசியில் உப்புப் போட்டு வாட்டிய மீனும் சோறும் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவரே இரண்டு பேரைக் கூட்டிப்போனார்.

மாடு சாப்பிடமாட்டம். கறியும் சோறும் எண்டு மெனுவில இருக்கே, எடுக்கலாமோ?

கோழிக் கறி என்று போட்டிருந்தாலும் கேளுங்கள். ஜப்பானியக் கறி பெரும்பாலும் கட்டியாக வரும் மசாலாக் கலவையைக் கரைத்துச் செய்வது. அந்தக் கட்டியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்வது சாதாரணம்.

“கறி” என்ற சொல் தமிழிலிருந்து ஐரோப்பியர் வாய்க்குப் போய், ஆங்கிலேயர் வழியாக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மெய்ஜி காலத்தில், ஜப்பானுக்குப் போனது. ஜப்பானியக் கடற்படையில் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை கறி தினம். யாழ்ப்பாணத்துத் தூளுக்குப் பழகிய நாக்குக்கு அது இனிப்புக் குழம்பாகத்தான் தெரியும். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு போனால் நல்லாய் இருக்கும்.

எனக்கு நண்டு ஒத்துக்காது. ஆனா அந்தச் சிவப்புக் குச்சி நண்டில்லையாமே?

உண்மை, அது வெள்ளை மீனை அரைத்துப் பிடித்தது. ஆனாலும் வாசத்துக்கு நண்டுச் சாறு சேர்ப்பதுண்டு. முட்டை வெள்ளைக்கருவும் மாவும்கூட இருக்கும். ஒவ்வாமை உள்ளவர் தொடவேண்டாம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் கவனிக்க: சாதாரண சோயா சோஸில் கோதுமை இருக்கிறது.

பிள்ளைகள் என்ன சாப்பிடுவினம்?

உடோன், பொரித்த கோழிக் கராகே, இனிப்பு முட்டை வைத்த சுஷி. நூடில்ஸைச் சத்தமாக உறிஞ்சலாம், அங்கே அது குற்றமில்லை என்று சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

மகள் ஆறு மாதப் பிள்ளைத்தாச்சி. கூட்டிக்கொண்டு போகலாமோ?

போகலாம், பச்சை மீன் வேண்டாம். வாட்டியது, பொரித்தது, அவித்தது எல்லாம் சூடாக எடுங்கள். பாதரசம் கூடிய பெரிய கடல் மீன்களையும், கொப்பரா (மார்லின்) போன்றவற்றை, தவிர்க்கச் சொல்கிறார்கள். மிச்சத்தை அவரைப் பார்க்கும் வைத்தியரிடம் கேளுங்கள்.

அப்பாவுக்குச் சீனியும் பிரஷரும். ஜப்பான் சாப்பாடு உடம்புக்கு நல்லதாமே?

எண்ணெய் குறைவு, அது சரி. ஆனால் சுஷிச் சோற்றில் சீனி இருப்பதை முதல் பதிலிலேயே சொன்னேன். உப்போ தாராளம். ஒரு மேசைக்கரண்டி சோயா சோஸில் 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 5 கிராமுக்குக் கீழே என்கிறது. சஷிமியும் வெறும் சோறு கொஞ்சமும் எடுத்து, சோஸைத் தொட்டும் தொடாமலும் சாப்பிட்டால் அப்பா சமாளிப்பார்.

அஜினமோட்டோ போடுறவையோ?

சிலர் போடுவார்கள், எங்கள் ஊர் ஃபிரைட் ரைஸ் கடையில் போடுவது போலத்தான். கதை தாஷியில் தொடங்குகிறது. கொம்புச் சாறு ஏன் இவ்வளவு ருசி என்று தேடிய கிகுனாய் இகெடா என்ற தோக்கியோ வேதியியலாளர் 1908இல் அதிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். அடுத்த வருடம் அது தூளாகக் கடைக்கு வந்தது. அஜினமோட்டோ என்றால் “சுவையின் மூலம்” என்று பொருள். தாஷியை ஒழுங்காக எடுக்கும் கடைக்கு அந்தத் தூள் தேவைப்படாது.

உறைப்பே இல்லை. சம்பல் கேட்கலாமோ?

ஏழு பொருள் சேர்த்த ஷிச்சிமி என்ற மிளகாய்த் தூள் மேசையிலேயே இருக்கும், நூடில்ஸுக்குப் போடுங்கள். கட்டைச் சம்பலை வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோனவரை நான் அறிவேன். சொந்தக்காரர் என்பதால் அதிகம் சொல்லமுடியாது.

தேத்தண்ணிக்குச் சீனி கேட்டன், ஒரு மாதிரிப் பார்த்தவை. ஏன்?

பச்சைத் தேநீருக்கு அங்கே சீனியும் பாலும் போடுவதில்லை. செடி எங்கள் மலைநாட்டில் வளர்வதே. நாங்கள் இலையை வாடவைத்துக் கறுக்கவிடுகிறோம், அவர்கள் பறித்ததும் ஆவியில் காட்டிப் பச்சையாக நிறுத்திவிடுகிறார்கள். கசப்புப் பிடிக்காவிட்டால் வறுத்த அரிசி சேர்த்த கென்மைச்சா கேளுங்கள். அரிசிமா வறுக்கும் வாசம் வரும். போயா (பௌர்ணமி) தினத்தில் சாக்கே, பியர் கேட்டுப் பிரயோசனமில்லை. அன்றைக்கு நாடு முழுக்க மது விற்பனை இல்லை.

மெனுவில ஒரு விலை, பில்லில ஒரு விலை. ஏமாத்துறாங்களோ?

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்ததா என்று பாருங்கள். சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம். மெனுவில் 2,000 ரூபாய் என்றால் 10 சதவீத சேவைக் கட்டணத்தோடு 2,200. அதன்மேல் 18 சதவீத வற் வரி சேர்ந்தால் 2,596. சில கடைகள் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியையும் சேர்க்கும். நான் மனதுக்குள் மெனு விலையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிவிட்டுத்தான் ஓடர் கொடுப்பேன். ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. இங்கே பரிமாறுகிறவர்கள் எங்கள் பிள்ளைகள், சில்லறையாவது வைத்துவிட்டு வாருங்கள்.

ஓமகாசே எண்டா என்ன? துணிஞ்சு எடுக்கலாமோ?

“உங்கள் பொறுப்பு” என்று சமைப்பவரிடம் ஒப்படைப்பது. அவர் அன்றைக்கு நல்லது என்று நினைப்பதை ஒவ்வொன்றாக வைப்பார். விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மாடு, பன்றி, ஒவ்வாமை, சைவம் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பாதியில் சொன்னால் அவருக்கும் சங்கடம். கொழும்பில் ஜப்பான் சாப்பாட்டைப் பெயர் பெறச் செய்தது தர்ஷன் முனிதாச 1995இல் தொடங்கிய நிஹொன்பாஷி உணவகம். அவருடைய தந்தை இலங்கையர், தாய் ஜப்பானியர். மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு போகும் நாளுக்கு அது. மழையில் நனைந்த செருப்போடு போக எனக்கு என் ஒழுங்கைக் கடை.

மிஞ்சினதைக் கட்டித் தரச் சொல்லலாமோ?

பொரித்தது, வாட்டியது தாராளமாக. பச்சை மீன் வேண்டாம். எங்கள் வெயிலுக்கு ஒரு மணித்தியாலமே அதிகம், மருதானைச் சந்தியில் பஸ் நின்றால் அது போய்விடும். சுஷியைக் குளிர்பெட்டியில் வைத்தால் காலையில் சோறு கல்லாகியிருக்கும்.

தமிழும் ஜப்பான் மொழியும் ஒண்டாமே, உண்மையோ?

சாப்பாட்டு மேசையில் இது எப்படியும் வரும். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அருணாசலம் சண்முகதாஸும் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தவர்கள். எங்கள் பொங்கலையும் அவர்களுடைய தைமாதச் சடங்கு ஒன்றையும்கூட ஒப்பிட்டார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. வினைச்சொல் வசனத்தின் கடைசியில் வருவது இரண்டுக்கும் பொதுதான், ஆனால் அப்படி வேறு பல மொழிகளும் உண்டு. கடைக்காரரிடம் போய் “நாங்கள் சொந்தக்காரர்” என்று சொன்னால் பில் குறையாது. மாமா முயற்சி செய்து பார்த்தார்.

உந்த மிசோ சூப்பை வீட்டில சைவமா வைக்கலாமோ, தம்பி?

மறுபடியும் பெரியம்மா. வைக்கலாம். கொழும்பில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் பெரிய கடைகளில் கொம்புவும் மிசோவும் தேடிப் பாருங்கள். மிசோப் பொதியில் மீன் தாஷி சேர்த்ததா என்று பின்பக்கத்தில் வாசித்து வாங்க வேண்டும், சேர்த்தும் விற்கிறார்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் 10 கிராம் கொம்புவை அரை மணித்தியாலம் ஊறவிட்டு, மெல்லிய நெருப்பில் சூடாக்கி, கொதி வரும் முன் எடுத்துவிடுங்கள். கொதித்தால் வழுவழுப்பும் கசப்பும் இறங்கும். டோஃபு போட்டுச் சூடானதும் அடுப்பை நிறுத்திவிட்டு, கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி அளவில் மிசோவைக் கரண்டியில் வைத்துக் கரைக்க வேண்டும். மிசோ போட்ட பிறகு கொதிக்க விடக்கூடாது.

போன கிழமை பெரியம்மா வீட்டில் வைத்தோம். எல்லாம் சொன்னபடி செய்தார். கடைசியில் ஒரு சின்னச் சட்டியில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினார். நான் இரண்டு கிண்ணம் குடித்தேன்.